பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி எங்கிருந்து வருகிறது?

ஏழாம் மாதம் நடக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தியே இருக்காது, ஆறு மாதம் வாசல் தாண்டக் கூடாது என்கிறார் மாமியார். சீம்பால் கொடுத்தால் போதும், எல்லா சக்தியும் அதில்தான் வருகிறது என்கிறார் அம்மா. சுகாதார நிலையத்தில் எனக்கு ஊசி போட்டுவிட்டு, இது குழந்தைக்காகத்தான் என்கிறார்கள். யார் சொல்வது சரி? கருவுக்குள் இந்த சக்தி எப்போதுதான் உருவாகிறது?"

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கோத்தால்தான் விஷயம் புரியும். மருத்துவ மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. டாக்டர் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குவது. கரு உருவான நாளிலிருந்து எண்ணினால் சுமார் 2 வாரம் குறையும். கரு உருவாகி மூன்றாவது வாரம், அதாவது நாள் தள்ளிப் போகிறதே என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும் நேரத்திலேயே, முதல் ரத்த அணுக்கள் தோன்றிவிடுகின்றன. எங்கே? கருவின் உடம்புக்குள் அல்ல. கருவோடு ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பையில். கோழி முட்டையில் மஞ்சள் கருவை மூடியிருக்குமே, அந்தப் பையின் மிச்சம்தான் இது. மனிதக் கருவில் அதற்குள் மஞ்சள் கரு எதுவும் கிடையாது, பை மட்டும் இருக்கிறது. ஆனாலும் அது சும்மா இல்லை. முதல் சிவப்பணுக்களோடு, கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்களும் அங்கேதான் முதலில் பிறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி மூளைக்குள் போய்க் குடியேறுகிறது. மூளையைக் காவல் காக்கும் மைக்ரோக்ளியா செல்களின் பூர்வீகம் அந்தப் பைதான் என்பதை, எலிகளில் தடம் பிடித்து 2010-ல் காட்டினார்கள்.

நான்காவது வாரத்தின் கடைசியில் நடப்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. அப்போது கரு ஏறக்குறைய ஒரு அரிசி மணி அளவு, அவ்வளவுதான். அதன் நடுவே ஓடும் பெருந்தமனியின் சுவரில், உள்பக்கமாக, சில செல்கள் உருண்டு திரண்டு சின்னச் சின்னக் கொத்துகளாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் சுவரை விட்டுப் பிரிந்து ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும். ஆயுள் முழுக்க நம் உடம்புக்கு ரத்தம் தயாரிக்கப் போகும் ஸ்டெம் செல்களின் முதல் தலைமுறை அவைதான். ரத்தக் குழாயின் சுவரிலிருந்தே ரத்தத்தின் மூலம் பிறக்கிறது.

இந்தச் செல்கள் நேரே எலும்புக்குப் போக முடியாது. எலும்பே இன்னும் உருவாகவில்லை. ஆகவே கல்லீரலில் தங்குகின்றன. மூன்றாம் மாதம் தொடங்கும்போது கருவின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கல்லீரல்தான். பெரியவர்களுக்கு அது ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு முக்கியக் காரணம், ரத்தத் தொழிற்சாலையே அங்கே நடப்பதுதான். எலும்பு மஜ்ஜை மூன்றாம் மாதவாக்கில் மெதுவாக வேலையை ஆரம்பித்து, கடைசி மூன்று மாதங்களில் பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்கிறது.

இனி தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பி. கருவின் கழுத்துப் பகுதியில் உருவாகிக் கீழே இறங்கி வருவது. எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் கல்லீரலிலிருந்து இளம் செல்கள் வந்து இதற்குள் நுழைகின்றன. உள்ளே போனவை டி செல்களாக, அதாவது நம்முடையது எது, அந்நியம் எது என்று பார்த்துச் சண்டை போடும் அணுக்களாகப் பழகி வெளியே வருகின்றன. நான்காம் மாதம் முடிவதற்குள் கருவின் ரத்தத்தில் டி செல்கள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. உள்ளே போகும் செல்களில் நூற்றுக்கு ஐந்து கூட வெளியே வருவதில்லை. எதையும் அடையாளம் காண முடியாத செல் அங்கேயே செத்துப்போகும். நம் உடம்பையே எதிரி என்று பிடித்துக்கொள்ளும் செல்லும் செத்துப்போகும். இன்சுலின் தைமஸில் சுரப்பதற்கு ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் அங்கே துளித்துளியாக அது தயாராகிறது. "இதுவும் நம்முடையதுதான், தொடாதே" என்று இளம் செல்களுக்குக் காட்டுவதற்காக மட்டும்.

இந்தச் சுரப்பியின் வரலாற்றில் ஒரு சோகம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிறக்கும்போது உடம்பின் அளவுக்கு தைமஸ் மிகப் பெரிதாக இருக்கும். குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் பாய்மரத்தை விரித்தது போல ஒரு நிழல் தெரியும், அது முற்றிலும் இயல்பு. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் இதை நோய் என்று நினைத்தார்கள். காரணம், அவர்கள் அதுவரை பிரேதப் பரிசோதனையில் பார்த்த குழந்தைகள் பெரும்பாலும் நெடுநாள் நோயிலும் பட்டினியிலும் வாடி இறந்தவர்கள். அந்த வாட்டத்தில் தைமஸ் சுருங்கிப்போயிருந்தது. அந்தச் சுருங்கிய அளவையே சரியான அளவு என்று எழுதி வைத்துவிட்டார்கள். பிறகு திடீரென்று இறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு தைமஸ் பெரிதாக இருந்ததும், மூச்சுக்குழாயை அது அழுத்தித்தான் குழந்தை இறந்தது என்று முடிவு கட்டினார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர்வீச்சு பாய்ச்சி அதைச் சுருக்கினார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. தைமஸ் உண்மையில் எதற்கு என்பது 1961 வரை யாருக்கும் தெரியாது. லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டார். அந்தக் குட்டிகள் தொற்றுகளுக்கு எளிதில் பலியாயின. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டன. அப்போதுதான் அந்தச் சுரப்பியின் அருமை தெரிந்தது.

சரி, பிறப்பதற்குப் பல மாதம் முன்பே இவ்வளவும் தயார் என்றால், கரு ஏன் தாயை எதிர்த்துச் சண்டை போடுவதில்லை? தாய் ஏன் கருவை எதிர்ப்பதில்லை? உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தையின் புரதங்களில் பாதி உங்கள் கணவருடையவை. அவருடைய சிறுநீரகத்தை உங்களுக்கு வைத்தால் உங்கள் உடம்பு அதை விரட்டப் பார்க்கும். ஆனால் குழந்தையைச் சுமக்கிறது. இந்தக் கேள்வியை 1953-ல் தெளிவாக முன்வைத்தவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் பீட்டர் மெடாவர். அதே வருடம் அவரும் சகாக்களும் வேறொன்றும் காட்டினார்கள். எலியின் கருவுக்குள் வேறு வகை எலியின் செல்களைச் செலுத்தினால், அந்தக் குட்டி வளர்ந்த பிறகு அந்த வகை எலியின் தோலை ஒட்டினாலும் ஏற்றுக்கொள்கிறது. கருவில் சந்தித்ததை உடம்பு சொந்தமாக நினைத்துக்கொள்கிறது. 1960-ல் இதற்காக மெடாவருக்கும் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தாயின் பக்கம் நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்கிறது. தாயின் திசுவைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதன் செல்கள், "நான் அந்நியன்" என்று காட்டிக்கொடுக்கும் வழக்கமான அடையாளங்களை வெளியே காட்டுவதில்லை. பதிலாக, தாயின் காவல் செல்களை அமைதிப்படுத்தும் வேறொரு அடையாளத்தைக் காட்டுகின்றன. குழந்தையின் பக்கம் நடப்பது இன்னும் அழகானது. தாயின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள் போகின்றன. 2008-ல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் கருவின் நிணநீர் முடிச்சுகளில், அதாவது நாம் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த முடிச்சுகளில், தாயின் செல்களைக் கண்டார்கள். அவற்றைப் பார்த்த கருவின் டி செல்கள் சண்டைக்கு எழவில்லை. பெரும்பங்கு, சண்டையை அடக்கும் வகை டி செல்களாக மாறியிருந்தன. கருவின் எதிர்ப்பு மண்டலம் தூங்கவில்லை. விழித்திருந்து, பார்த்து, பொறுத்துப் போகப் பழகிக்கொண்டிருக்கிறது.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பச்சிளங்குழந்தையின் எதிர்ப்பு சக்தியைப் பெரியவர்களுடையதின் அரைகுறைப் பதிப்பு என்று நினைக்கக் கூடாது. அதற்கு அந்த வயதில் வேறு வேலை இருக்கிறது. ஒன்பது மாதம் தாயோடு ஒத்துப்போக வேண்டும். பிறந்த அன்றைக்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தோலிலும் குடலிலும் வந்து இறங்கும், அவற்றில் நல்லவற்றோடும் ஒத்துப்போக வேண்டும். பார்த்ததையெல்லாம் எதிர்த்துக் கொதித்தெழும் மண்டலமாக இருந்தால் குழந்தை தன் வீக்கத்தாலேயே அழிந்துவிடும். அதனால் கடிவாளம் இறுக்கியே வைக்கப்பட்டிருக்கிறது.

கடிவாளத்துக்கு விலையும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி கிருமியைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு அது தொற்றினால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பு போராடி விரட்டிவிடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. உடம்பு அதை எதிரியாகவே பார்ப்பதில்லை. முப்பது, நாற்பது வயதில் கல்லீரல் கெட்டு நிற்கும்போதுதான் தெரிய வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்களே, அது இதற்காகத்தான். "இன்றைக்குத்தானே பிறந்தது, நாளை மறுநாள் போடலாமே" என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடிவாளம் இறுகியிருக்கும் அந்த மாதங்களில் குழந்தையைக் காப்பது யார்? நீங்கள்தான். அதற்கு இரண்டு வழிகள். இதைக் கண்டுபிடித்த கதையில் நம் ஊர் ஆட்கள் இருவர் வருகிறார்கள்: குன்றிமணியும் ஆமணக்கும்.

சிவப்பு உடம்பும் கறுப்பு மூக்குமாக இருக்கும் குன்றிமணியைத் தட்டான்கள் பொன் நிறுக்க வைத்திருந்தார்கள். அதன் பருப்புக்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினும் அப்படியே. 1890-களின் தொடக்கத்தில் பெர்லினில் பால் எர்லிக் இந்த நஞ்சுகளை எலிகளுக்குத் துளியளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார். சில வாரங்களில், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கை அவை தாங்கின. அப்புறம் அவற்றைக் குட்டி போட வைத்தார். தாய்க்கு எதிர்ப்பு இருந்தால் குட்டிக்கும் இருந்தது. தகப்பனுக்கு மட்டும் இருந்தால் குட்டிக்கு இல்லை. ஆக, இது பரம்பரைச் சொத்து அல்ல, தாய் கையில் கொடுத்து அனுப்புவது. பிறகு குட்டிகளை மாற்றி வைத்தார். எதிர்ப்பே இல்லாத தாய்க்குப் பிறந்த குட்டி, எதிர்ப்புள்ள தாயிடம் பால் குடித்தது. அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. ஆனால் சில வாரங்களில் மங்கிப்போனது. கொடுத்தனுப்பிய சோறு தீர்ந்தது, சமைக்கத் தெரிந்துகொள்ளும் வயது இன்னும் வரவில்லை.

இங்கே உங்கள் அம்மா சொன்ன சீம்பாலுக்கு வருகிறேன். எலிக்குட்டி வயிற்றுக்குள்ளும் வாங்கிக்கொள்கிறது, பாலிலும் வாங்கிக்கொள்கிறது. பசுவின் கன்று வேறு மாதிரி. பசுவின் நஞ்சுக்கொடி அடுக்கடுக்காகத் தடித்தது, ஆன்டிபாடி, அதாவது கிருமியையும் நஞ்சையும் பிடித்து முடக்கும் புரதம், எதுவும் அதைத் தாண்டிப் போகாது. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முதல் சில மணி நேரத்தில் சீம்பால் உள்ளே போனால், கன்றின் குடல் அந்த ஆன்டிபாடிகளை அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடும். ஒரு நாள் ஆனால் அந்த வாசல் மூடிவிடும். சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. உங்கள் அம்மா சொன்னதும் அந்த அனுபவத்தின் வழி வந்ததாக இருக்கலாம். மனிதக் குழந்தைக்கு ஏற்பாடு வேறு. ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆன்டிபாடி முழுவதும் பிறப்பதற்கு முன்பே, நஞ்சுக்கொடி வழியாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பால் வழியாகப் போவது வேறொரு படை. இரண்டும் வேண்டும்.

நஞ்சுக்கொடியின் மேல்பரப்பில், தாயின் ரத்தத்தில் நனைந்தபடி இருக்கும் செல் படலம், அந்த ரத்தத்தின் நீரைச் சின்னச் சின்னச் சொட்டுகளாக விழுங்கிக்கொண்டே இருக்கிறது. விழுங்கியதை ஒரு குமிழுக்குள் வைத்துப் புளிக்க வைக்கும், செரிப்பதற்காக. அந்தப் புளிப்பில் மட்டும் வேலை செய்யும் ஒரு கொக்கி அங்கே இருக்கிறது. ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியை அது கப்பென்று பிடித்துக்கொள்ளும். மற்ற புரதங்களெல்லாம் செரித்துப்போகும், கொக்கியில் மாட்டியது தப்பிக்கும். குமிழ் அப்படியே செல்லைக் குறுக்கே கடந்து குழந்தையின் பக்கம் திறக்கும். அங்கே ரத்தத்தில் புளிப்பு இல்லை, கொக்கி பிடியை விட்டுவிடும். ஐஜிஜி குழந்தைக்குள் போய்விடும். இப்படி ஒரு கொக்கி இருந்தே ஆக வேண்டும் என்று, அதை யாரும் கண்ணால் பார்க்காத காலத்திலேயே, வேல்ஸின் பாங்கர் நகரில் முயல்களை ஆராய்ந்த பிராம்பெல் சொல்லிவிட்டார்.

இந்தக் கடத்தல் நான்காம் மாதவாக்கில் மெல்லத் தொடங்குகிறது. ஏழாம் மாதம் முடியும்போது குழந்தையிடம் உங்களிடம் இருப்பதில் ஏறத்தாழப் பாதி சேர்ந்திருக்கும். மிச்சம் கடைசி இரண்டு மாதத்தில் வேகமாக ஏறி, நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி தாயின் அளவையும் தாண்டிவிடும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பிறந்த அன்று உங்கள் குழந்தையின் ரத்தத்தில் உங்களைவிட ஐஜிஜி கூடுதலாக இருக்கும். 28 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தைக்கு அந்தப் பங்கு கிடைக்காமல் போகிறது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று ஆபத்து அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் எதைச் சந்தித்தீர்களோ அதற்கான ஆன்டிபாடிதான் குழந்தைக்குப் போகும். உங்களுக்கு ரண ஜன்னிக்கு எதிராக ஆன்டிபாடி இல்லாவிட்டால், குழந்தைக்கும் இருக்காது. கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி போடுவதன் அர்த்தம் இதுதான். சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடி அறுத்த காலத்தில், பிறந்து சில நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை ஒரு வாரவாக்கில் வாயைத் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக விறைத்துப் போய்விடும். அந்த வயதில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுப் பலனில்லை, அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். தாய்க்குப் போட்டால் குழந்தை கவசத்தோடு பிறக்கும். இந்த ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து, தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. பிரிட்டனில் 2012-ல் கக்குவான் இருமல் பரவிப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோதும் இதே வழியைத்தான் பிடித்தார்கள். அந்த அக்டோபர் முதல் கர்ப்பிணிகளுக்கு அந்தத் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு நோய் வருவது பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. கக்குவான் இருமலையும் சேர்த்துத் தடுக்கும் டிடாப் ஊசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவது அது. கடத்தல் வேகமெடுக்கும் கட்டம் அது என்பது இப்போது உங்களுக்கே புரியும்.

கொக்கி நல்லது கெட்டது பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்எச் நெகட்டிவ் தாய், ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிட்டால், அதையும் கொக்கி பத்திரமாகக் கடத்திவிடும். அடுத்த குழந்தையின் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. எச்ஐவி உள்ள தாயின் குழந்தைக்கு வழக்கமான ஆன்டிபாடி பரிசோதனை செய்தால் 18 மாதம் வரை பாசிட்டிவ் என்று வரலாம். அது தாயின் ஆன்டிபாடி, குழந்தைக்குக் கிருமி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனைதான் அங்கே பதில் சொல்லும். இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் ஒரு காகிதத்தைப் பார்த்து நொறுங்கியிருக்கின்றன.

ஐஜிஎம் என்ற பெரிய ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆகவே ஏதோ ஒரு கிருமிக்கு எதிரான ஐஜிஎம் குழந்தையின் ரத்தத்தில் இருந்தால், அது குழந்தை தானே தயாரித்தது, கருவிலேயே அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். ருபெல்லா, டாக்ஸோபிளாஸ்மா போன்றவற்றை இப்படித்தான் சந்தேகிக்கிறோம். தேவை வந்தால் கருவும் கையை ஓங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி பிறந்த நாள். குழந்தையின் மேல் மாவு போல வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதைப் பலர் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். அதில் பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்கள் இருக்கின்றன, சூட்டையும் காக்கிறது. குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். துடைத்தால் போதும்.

அப்புறம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். மஞ்சளாக, கெட்டியாக, நாலைந்து சொட்டுதான் வரும். "பாலே ஊறவில்லை" என்று பதறிச் சர்க்கரைத் தண்ணீரோ, சேனையோ, சங்கில் கழுதைப்பாலோ கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நாலைந்து சொட்டில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி நிரம்பி வழிகிறது. இது ரத்தத்துக்குள் போவதில்லை. குழந்தையின் தொண்டையிலும் குடலின் உள்பரப்பிலும் படிந்து, கிருமி சுவரைத் தொட முடியாதபடி மறித்து நிற்கிறது. இன்னொன்று: உங்கள் குடல் எந்தக் கிருமிகளைச் சந்தித்ததோ, அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள் உங்கள் குடலிலிருந்து கிளம்பி மார்புக்கு வந்து தங்கி, பாலில் ஐஜிஏவைச் சேர்க்கின்றன. உங்கள் வீட்டுத் தண்ணீரில், உங்கள் தெருவில் இருக்கும் கிருமிக்கு ஏற்ற மருந்து உங்கள் பாலில்தான் இருக்கும். எந்த டப்பா பாலும் இதைச் செய்ய முடியாது.

தாய்ப்பாலில் இன்னொரு அதிசயம். லாக்டோஸ், கொழுப்பு ஆகிய இரண்டுக்கும் அடுத்து அதில் அதிகம் இருப்பது, குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரை. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இருக்கிறது. குழந்தைக்கு உதவாத ஒன்றைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு மெனக்கெட்டுத் தயாரிக்க வேண்டும்? அது குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கான சாப்பாடு. அந்தப் பாக்டீரியா வளர்ந்து குடலைப் புளிப்பாக்கி, கெட்ட கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. குழந்தையின் எதிர்ப்பு மண்டலத்துக்கு யார் நண்பன் என்று பழக்குவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. 2017-ல் வெளியான ஒடிசா ஆய்வு இதில் எனக்குப் பிடித்தது. கிராமங்களில் பிறந்து தாய்ப்பால் குடித்த 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் வாரத்தில் ஒரு நல்ல பாக்டீரியாவையும் அதற்கான சர்க்கரையையும் வாய்வழி கொடுத்தார்கள். அவர்களிடம் ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்தது. அதற்காகக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு புரோபயாடிக்கை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அந்தப் பாக்டீரியா வகை வேறு, அந்தச் சூழல் வேறு, டாக்டர் சொல்லாமல் கூடாது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. சிசேரியன் குழந்தையின் குடலில் முதல் மாதங்களில் பாக்டீரியா கலவை மாறியிருப்பது உண்மைதான். தேவைப்பட்டுச் செய்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். சீக்கிரம் மாரோடு சேர்த்துப் பால் கொடுப்பது, காரணமில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காமல் இருப்பது, இரண்டும் அதில் பெரும்பகுதியை ஈடு செய்யும்.

கொடுத்தனுப்பிய ஐஜிஜி என்ன ஆகும்? மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு, ஆறு மாதத்தில் பெயருக்குத்தான் இருக்கும். குழந்தை தானே ஐஜிஜி தயாரிக்கத் தொடங்கியிருந்தாலும் அது மெதுவாகத்தான் ஏறும். ஒரு வயதில் பெரியவர்களின் அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஒரு பள்ளம். 6, 10, 14 வாரங்களில், ஐந்து நோய்களை ஒன்றாகத் தடுக்கும் பென்டாவலன்ட் ஊசிகளை நெருக்கி நெருக்கிப் போடுவது அந்தப் பள்ளத்துக்கு முன்னால் பாலம் கட்டத்தான். அந்த பென்டாவலன்ட் ஊசி இந்திய அரசுத் திட்டத்தில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது.

அந்த ஊசிக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் பாக்டீரியா, சர்க்கரையால் ஆன மேலுறையைப் போர்த்திக்கொண்டு வரும். இரண்டு வயது வரை, ஆன்டிபாடி தயாரிக்கும் குழந்தையின் பி செல்களால் வெறும் சர்க்கரையை அடையாளம் பிடித்து எதிர்க்க முடியாது. மண்ணீரலில் அதற்கான பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. 1985-ல் வந்த முதல் ஹிப் தடுப்பூசி வெறும் சர்க்கரையால் செய்தது, ஆபத்து அதிகமுள்ள சின்னக் குழந்தைகளுக்கு அது பயன்படவில்லை. பிறகு அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்தார்கள். புரதம் வந்ததும் டி செல்கள் உதவிக்கு வந்தன, இரண்டு மாதக் குழந்தையும் பதில் கொடுத்தது. குழந்தைக்குத் திறமை இல்லை என்று விட்டுவிடாமல், அதற்குப் புரியும் பாஷையில் பேசக் கண்டுபிடித்தார்கள்.

தட்டம்மை ஊசி மட்டும் ஏன் ஒன்பது மாதம் காத்திருக்கிறது என்று கேட்பீர்கள். அது உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட கிருமி. உங்கள் ஆன்டிபாடி குழந்தையிடம் மிச்சம் இருந்தால், ஊசிக் கிருமியைக் குழந்தை பார்ப்பதற்குள் அது பிடித்துத் தீர்த்துவிடும். ஊசி வீணாகும்.

கடைசியாக, ஆறு மாதம் வாசல் தாண்டக் கூடாதா என்ற கேள்வி. அவ்வளவு பூட்டி வைக்க வேண்டியதில்லை, தடுப்பூசிக்கே வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. தெருக்காற்றைவிடப் பயப்பட வேண்டியது, பார்க்க வருகிறேன் என்று வந்து, இருமலோடு குழந்தையை வாங்கிக் கன்னத்தில் முத்தமிடும் உறவினர்களுக்குத்தான். கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வெறும் நாள்பட்ட இருமலாகத்தான் தெரியும், அதுவே பச்சிளங்குழந்தைக்கு மூச்சை நிறுத்தும். இருமல், சளி, வாயோரப் புண் இருப்பவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். தூக்குபவர்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். இதை நீங்கள் சொல்லச் சங்கடப்பட்டால் மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தொற்றை ஓரிடத்தில் மடக்கிப் பிடிக்கும் பலம் குறைவு. ரத்தத்தில் பரவ நாள் கணக்கெல்லாம் ஆகாது, சில மணி நேரம் போதும். பெரியவர்களைப் போலக் காய்ச்சல் அடித்துத்தான் காட்டும் என்றும் இல்லை. உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், அதற்கு மாறாகக் கை கால் மட்டுமில்லாமல் வயிறும் சில்லிட்டிருந்தாலும், நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், உரை மருந்து கொடுத்துப் பார்க்கலாம், விடியட்டும் போகலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.